தோல் வெட்டும் லேசரில் உலோகமும் வெட்டலாமா?

கேள்வி இதுதான். பை, பெல்ட், பர்ஸ் என்று தோல் பொருள்கள் செய்கிற ஒருவர் 60 வாட் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயு) லேசர் மெஷின் வாங்க நினைக்கிறார். தோலை வெட்டும் அதே மெஷினில் பெல்ட்டுக்கான பித்தளைக் கொக்கியையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெயர்த்தகட்டையும் வெட்டிக்கொள்ள முடியுமா, முடியாதென்றால் இன்னும் கொஞ்சம் வாட் கூட்டி வாங்கினால் முடியுமா என்று கேட்கிறார்.

முடியாது. வாட்டைக் கொஞ்சம் கூட்டினாலும் முடியாது. பொதுவாக இதற்கு "பவர் போதாது" என்றுதான் பதில் சொல்வார்கள். அது பாதிப் பதில்தான். தோலை வெட்டும்போது லேசர் செய்கிற வேலை வேறு, உலோகத்தை வெட்டும்போது செய்கிற வேலை வேறு. தோலில் முழு வேலையையும் ஒளியே செய்து முடிக்கிறது. உலோகத்தில் ஒளி உருக்கிக் கொடுப்பதோடு சரி. உருகியதை வெளியே தள்ளி வெட்டாக மாற்றுவது கதிர் வெளிவரும் முனையான நாசிலிலிருந்து பாய்கிற வாயு. இது புரிந்துவிட்டால் எந்த மெஷின், எந்த வாயு, விளிம்பு ஏன் கறுக்கிறது, காசை எதில் போடுவது என்பதெல்லாம் தானாகவே தெளிவாகிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒளி. சிஓ2 லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. 1964-இல் பெல் ஆய்வகத்தில் குமார் படேல் உருவாக்கியது. தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். அதோடு எப்போதும் கொஞ்சம் ஈரமும் இருக்கும். புரதமும் தண்ணீரும் 10.6 மைக்ரான் ஒளியை அப்படியே விழுங்கிவிடும். மேற்பரப்பிலிருந்து சில பத்து மைக்ரான் ஆழத்துக்குள் ஒளி முழுக்க வெப்பமாகிவிடுகிறது. தோலின் நிறம் கறுப்பா வெள்ளையா என்பதால் இதில் பெரிய வித்தியாசம் வராது. நீல நிற டயோடு லேசரில் அப்படியில்லை. அதன் அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரிகிற நிறம். எனவே வெள்ளைத் தோல் அதைத் திருப்பி அனுப்பும், கறுப்புத் தோல் வாங்கிக்கொள்ளும். டயோடு மெஷினில் அடர்நிறத் தோல் வெட்டுப்பட்டு வெளிர்நிறத் தோல் அடம்பிடிப்பது இதனால்தான்.

உலோகத்துக்கு வருவோம். உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் எந்த அணுவோடும் கட்டுண்டு கிடக்காமல் திரிகின்றன. ஒளி வந்து மோதியதும் அவை அதோடு சேர்ந்து அதிர்ந்து, வந்த ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அலைநீளம் கூடக்கூட இது இன்னும் அதிகமாகும். 10.6 மைக்ரானில் செம்பு, அலுமினியம் போன்றவை 95 சதவீதத்துக்கு மேல் பிரதிபலிக்கும். பளபளப்பான எஃகு 90 சதவீதத்துக்கு மேல். நீங்கள் வாங்கப் போகிற மெஷினைத் திறந்து பாருங்கள். லேசர் உருவாகும் குழாயிலிருந்து வரும் கதிரைத் திருப்பி லென்ஸுக்கு அனுப்புகிற கண்ணாடிகள் பல மெஷின்களில் மாலிப்டினத்தாலோ செம்பாலோ செய்தவையாக இருக்கும். உலோகம்தான் இந்த ஒளிக்குக் கண்ணாடி. அந்த ஒளியை வைத்துப் பித்தளையை வெட்டப் பார்ப்பது அந்தக் கண்ணாடியையே வெட்டப் பார்ப்பதற்குச் சமம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறை வெப்பநிலையில் இருக்கும் இரும்பில் ஒரு கன மில்லிமீட்டரை உருக்க ஏறத்தாழ 10 ஜூல் வேண்டும். 1 மி.மீ. தகட்டில் 0.15 மி.மீ. அகலத்தில் நொடிக்கு 100 மி.மீ. வேகத்தில் வெட்டுவதாக வைத்துக்கொண்டால், நொடிக்கு 15 கன மி.மீ. உருக வேண்டும், அதாவது 150 வாட் உள்ளே போய்ச் சேர வேண்டும். உங்கள் 60 வாட்டில் தாராளமாக 10 சதவீதம் உள்ளே போகிறது என்று வைத்தாலும் கிடைப்பது 6 வாட். அந்த 6 வாட்டும் விழுந்த இடத்தில் நிற்காது. எஃகு, பித்தளை இரண்டுமே வகையைப் பொறுத்துத் தோலைவிடச் சுமார் நூறு முதல் பல நூறு மடங்குவரை வேகமாக வெப்பத்தைக் கடத்துபவை. வெப்பம் வந்ததும் தகடு முழுக்கப் பரவிப் போய்விடும். 1,500 டிகிரிக்கு அருகில் உருகுகிற எஃகில், கதிர் விழுந்த புள்ளி அந்தச் சூட்டின் பக்கமே போகாது. வெட்டு விழாதது இருக்கட்டும், பல சமயம் ஒரு தடம்கூடப் பதியாது.

அதற்காக, சிஓ2 லேசரால் உலோகத்தை வெட்டவே முடியாது என்று யாராவது சொன்னால் அதுவும் தவறு. பல பத்தாண்டுகள் தொழிற்சாலைகளில் எஃகுத் தகடு வெட்டியது சிஓ2 லேசர்தான். ஆனால் அவை கிலோவாட் கணக்கில் பவர் உள்ள பெரிய மெஷின்கள். அவ்வளவு அடர்த்தியாகக் கதிர் விழும்போது ஒரு புள்ளி உருகிவிடும். உருகிய உலோகம் திட உலோகத்தைவிட அதிகம் விழுங்கும். வெட்டுமுகம் சரிவாக இருப்பதால் கதிர் அதன்மேல் சாய்ந்து விழுந்து இன்னும் நன்றாக உள்ளே போகும். ஒருமுறை அந்த வாசல் திறந்துவிட்டால் வேலை நடக்கும். 60 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் அந்த வாசல் திறப்பதே இல்லை.

இன்று அந்த இடத்தைப் பெரும்பாலும் ஃபைபர் லேசர் பிடித்துவிட்டது. யிட்டர்பியம் என்ற தனிமம் கலந்த கண்ணாடி இழைக்குள் உருவாகும் அதன் ஒளி சுமார் 1.07 மைக்ரான், சிஓ2-வின் பத்தில் ஒரு பங்கு. இந்த அலைநீளத்தில் எஃகு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஒளியை வாங்கிக்கொள்கிறது. புள்ளியையும் இன்னும் சிறிதாகக் குவிக்கலாம். 1 கிலோவாட் ஃபைபர் மெஷின் 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகட்டில் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் கண்ணால் பின்தொடரவே சிரமம். அப்படியானால் ஃபைபரையே வாங்கித் தோலையும் அதில் வெட்டிவிடலாமே என்று தோன்றும். அது மறுபக்கத் தவறு. 1 மைக்ரான் ஒளியைக் கொலாஜன் அவ்வளவாக விழுங்காது. வெளிர்நிறத் தோலுக்குள் அது சிதறிப் பரவும். அடர்நிறத்தில் சாயம் விழுங்குவதால் தடம் விழும். ஃபைபர் மார்க்கிங் மெஷினில் கறுப்புத் தோலின் மேல் லோகோ போடுவார்கள், நன்றாகவே வரும். வெட்டுக்கு அதை நம்ப முடியாது.

சரி, இப்போது வெட்டு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இது.

தோல் உருகாது. சூடேறும்போது முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகும். அப்புறம் கொலாஜன் இழைகள் சுருங்கும். தாவரப் பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது 70, 80 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல் 100 டிகிரிவரையோ அதற்கு மேலுமோ தாங்கும். இன்னும் சில நூறு டிகிரி ஏறினால் புரதம் சிதைந்து, ஒரு பகுதி வாயுவாகவும் புகையாகவும் வெளியேறி, மிச்சம் கரியாக நிற்கும். ஆக, லேசர் தோலில் போடும் வெட்டு என்பது பொருளைச் சிதைத்துப் புகையாக்கி இல்லாமல் செய்வது. வெளியேற்ற எந்தப் பெரிய தள்ளலும் வேண்டாம், புகை தானே எழுந்து போகும். நாசிலில் வருகிற காற்று இங்கே ஓர் உதவியாள் மட்டுமே. தீ எழும்பாமல் அணைக்கும், புகை லென்ஸில் படியாமல் தள்ளும். ஒரு சாதாரண ஏர் பம்ப் போதும்.

உலோகத்தில் வாயு இல்லாவிட்டால் வெட்டே இல்லை. லேசர் உருக்கிய உலோகம் அங்கேயே தேங்கி, கதிர் நகர்ந்ததும் மறுபடி உறைந்து ஒட்டிக்கொள்ளும். அதைக் கீழே ஊதித் தள்ள வேண்டும். ஸ்டெயின்லெஸ், அலுமினியம் என்றால் நைட்ரஜனை 10 முதல் 20 பார் அழுத்தத்தில் பாய்ச்சுகிறார்கள். நைட்ரஜன் உலோகத்தோடு சேராது, தள்ளும் வேலையை மட்டும் செய்யும். விளிம்பு வெள்ளி மாதிரி பளிச்சென்று வரும். கார்பன் எஃகு கனமாக இருந்தால் ஆக்சிஜனை அதைவிட மிகக் குறைந்த அழுத்தத்தில் விடுவார்கள். சூடேறிய இரும்பு ஆக்சிஜனில் எரியும். அந்த எரிதலே வெட்டுக்குத் தேவையான வெப்பத்தில் கணிசமான பங்கைக் கொடுத்துவிடும். பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் என்பவர் இங்கிலாந்தின் வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் 1967-இல் செய்துகாட்டியது இதைத்தான். 300 வாட் சிஓ2 கதிரோடு ஆக்சிஜனைச் சேர்த்து 1 மி.மீ. எஃகுத் தகட்டை வெட்டினார். வெறும் 300 வாட் ஒளியால் ஆகாததை ஆக்சிஜன் ஆக்கிக் கொடுத்தது. லேசர் உலோக வெட்டு என்கிற தொழில் தொடங்கிய இடம் அது என்பேன்.

இந்த வேறுபாடு புரிந்தவுடன் பலருக்கு ஒரு யோசனை வரும்: நைட்ரஜன் விட்டால் உலோக விளிம்பு பளிச்சென்று வருகிறதே, தோலுக்கும் நைட்ரஜன் விட்டால் கருகாமல் வருமா? வராது. எஃகின் விளிம்பில் தெரிகிற கறுப்பு ஆக்சைடு. ஆக்சிஜனைத் தடுத்தால் அது உண்டாகாது. தோலின் விளிம்பில் தெரிகிற கறுப்பு கார்பன். அது புரதத்துக்குள்ளேயே இருப்பது, சூடு ஒன்றே போதும் அதை வெளியே கொண்டுவர. நைட்ரஜன் சுடரை அடக்கும், விளிம்பு ஓரளவு சீராகும், கரி மட்டும் இருந்தே தீரும். நைட்ரஜன் சிலிண்டருக்குச் செலவழிக்கும் பணத்தைப் புகையை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்டில் போடுங்கள்.

ஆக்சிஜன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 130, 150 வாட் சிஓ2 மெஷின்களில் "உலோகமும் அலோகமும் வெட்டும்" என்று சொல்லித் தனித் தலையோடு விற்கிறார்கள். பொய்யில்லை. ஆக்சிஜன் இணைப்போடு ஏறத்தாழ 1 மி.மீ. வரை மெல்லிய எஃகுத் தகட்டை அவை வெட்டும், மெதுவாக. பித்தளை, செம்பு, அலுமினியம் வெட்டாது. அப்படிப்பட்ட மெஷினில் தகடு வெட்டி முடித்துவிட்டு, ஆக்சிஜன் குழாயைக் கழற்றாமல் தோலை வைத்துவிட்டால் தீப்பிடிப்பது நிச்சயம். மெழுகும் எண்ணெயும் ஏற்றிய தோலாக இருந்தால் சுடர் லென்ஸ்வரை எழும்பும். ஒரே மெஷினில் இரண்டையும் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இது முக்கியமான காரணம்.

அடுத்தது தோலின் வகை. மெஷினைத் தேர்ந்தெடுப்பதைவிட இது பெரிய விஷயம், ஏனென்றால் இங்கே தவறினால் உடம்பு கெடும். தாவரப் பதனிட்ட தோல்தான் லேசருக்கு உகந்தது. ஒழுங்காக வெட்டும், மேலே பொறித்தால் பழுப்பும் கருப்புமாக அழகான மாறுபாடு தரும், புகையும் ஒப்பீட்டளவில் தொல்லை குறைந்தது. குரோம் தோலில் மூன்று இணைதிற குரோமியம் இருக்கிறது. அந்த நிலையில் அது பெரிதாகக் கெடுதல் செய்யாது. காற்றில் அதிகச் சூடு ஏறும்போது அதில் ஒரு பகுதி ஆறு இணைதிற குரோமியமாக மாறலாம். அது புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியாகத் தெரிந்த பொருள். இதே குரோமியம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறது, அதை லேசரில் வெட்டும்போது எழும் புகையிலும் இதே ஆபத்து உண்டு. தோலும் உலோகமும் ஒன்றுபோல் நடந்துகொள்கிற ஒரே இடம் இதுதான் போலும். குரோம் தோலை வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூடிய பெட்டி, வெளியே கொண்டுபோய் விடும் குழாய், நல்ல இழுவிசை உள்ள விசிறி இருந்தால் வெட்டலாம். வெட்டிய துண்டில் ஒட்டியிருக்கும் கரியை வெறும் கையால் தேய்த்துத் துடைக்காதீர்கள். ஈரத்துணியும் கையுறையும் வேண்டும். உலர்ந்த தூசாகப் பறக்க விடவும் கூடாது.

ரெக்சின் வேறு கதை. அதில் பல வகைகள் பிவிசி பூச்சு உள்ளவை. பிவிசி சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஈரத்தோடு சேர்ந்ததும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். நுரையீரலையும் கெடுக்கும், மெஷினின் தண்டவாளம், பேரிங், லென்ஸ் எல்லாவற்றையும் அரித்துவிடும். எவ்வளவு நல்ல எக்ஸாஸ்ட் இருந்தாலும் பிவிசியை லேசரில் வைக்கக் கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது. எது பிவிசி என்று சந்தேகமாக இருந்தால் ஒரு செம்புக் கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, அந்தத் துண்டின்மேல் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பளிச்சென்று பச்சையாக மாறினால் குளோரின் இருக்கிறது. காற்றோட்டமான இடத்தில், சின்னத் துண்டில் செய்யுங்கள். பாலியூரித்தேன் பூச்சு உள்ள செயற்கைத் தோலில் குளோரின் பிரச்சினை இல்லை, ஆனால் அதன் புகையிலும் நைட்ரஜன் சேர்ந்த நச்சு வாயுக்கள் உண்டு.

உண்மையான தோல் வெட்டும்போது முடி பொசுங்குகிற நாற்றம் வரும். அது அறையிலும் பொருளிலும் சில நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். வாங்குபவர் பர்ஸை முகர்ந்து பார்ப்பார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய துண்டுகளைக் காற்றில் பரப்பி வைத்து, விளிம்பை மிதமான சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

இப்போது விளிம்பு. தோல் வெட்டில் எல்லாரும் தடுமாறுவது இங்கேதான், செட்டிங்கைச் சொல்லுங்கள் என்று கேட்பதும் இதற்காகத்தான். எண்களைவிட அடிப்படையைச் சொல்வது நல்லது, ஏனென்றால் ஒரே தோலிலேயே முதுகுப் பகுதியும் வயிற்றுப் பகுதியும் வேறு வேறு தடிமனில், அடர்த்தியில் இருக்கும். தோல் வெப்பத்தை எளிதில் கடத்தாது, அது நமக்கு வசதி. ஆனால் மிகக் குறைந்த சூட்டிலேயே கெட்டுவிடும், அது சங்கடம். எனவே ஒரு புள்ளியில் கதிர் நிற்கிற நேரம் எவ்வளவு குறைவோ, கரி அவ்வளவு மெல்லியதாக இருக்கும். குறைந்த பவரில் மெதுவாக ஓட்டுவதைவிட, வெட்டுவதற்குப் போதுமான பவரைக் கொடுத்து எவ்வளவு வேகமாக ஓட்ட முடியுமோ அவ்வளவு வேகமாக ஓட்டுங்கள். 2 மி.மீ. தோலுக்கு 60 வாட் தாராளம். 3 மி.மீ.-க்கு மேல் போகும்போது கரி கூடும்; அங்கே ஒரே தடவையில் முடிக்கப் பார்ப்பதா, இரண்டு தடவை ஓட்டுவதா என்பதைக் கழிவுத் துண்டில் சோதித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மூலைகளைக் கவனியுங்கள். தலை மூலையில் திரும்பும்போது வேகம் குறையும். பவர் அப்படியே இருந்தால் அந்த இடம் கருகி வட்டமாகிவிடும். வேகத்துக்குத் தக்கபடி பவரைக் குறைக்கிற வசதி கன்ட்ரோலரில் இருக்கும்; குறைந்தபட்ச பவர் என்று ஒரு எண் கேட்கும். அதைச் சரியாக வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். தொடங்கிய இடத்திலேயே முடிகிற வட்டங்களில் ஒரு புள்ளி மட்டும் இருமுறை சூடேறும், அதைக் கண்ணில் படாத பக்கமாக நகர்த்தி வையுங்கள்.

புகைக்கறைக்கு மாஸ்கிங் டேப் நல்ல வழி. தோலின் முகப்பு மேலே இருக்க, அதன்மேல் ஒட்டி வெட்டி, பிறகு உரித்தெடுக்கலாம். பசை வலுவாக இருந்தால் முகப்பின் மெருகும் சேர்ந்து வரும், முதலில் ஓரத்தில் ஒட்டிப் பாருங்கள். வேறு சிலர் முகப்பைக் கீழே போட்டு, படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வெட்டுவார்கள். அதில் இன்னொரு சிக்கல் உண்டு: தோலை ஊடுருவிக் கீழே போன கதிர் தோலைத் தாங்கும் தேன்கூட்டுத் தட்டின் உலோகத்தில் பட்டுத் திரும்பி வந்து முகப்பில் சின்னச் சின்னத் தீப்புள்ளிகள் வைத்துவிடும். உலோகம் இந்த ஒளியைத் திருப்பி அனுப்பும் என்று மேலே சொன்னது இங்கேயும் வந்து நிற்கிறது. தோலை ஊசி முனைகளின் மேல் சற்று உயர்த்தி வைத்தால் இது குறையும்.

தையல் துளைகளை லேசரிலேயே போட்டுக்கொள்வது பெரிய வசதி. இரண்டு துண்டுகளின் துளைகள் அச்சாகப் பொருந்தும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஊசியால் குத்திய துளையில் இழைகள் விலகிக் கொடுக்கின்றன, தைத்த பிறகு நூலைச் சுற்றி மறுபடி மூடிக்கொள்கின்றன. லேசர் துளையில் இழைகளே போய்விடுகின்றன, சுற்றிலும் கொஞ்சம் கருகி விறைத்த வளையமும் நிற்கிறது. அது மூடாது. எனவே துளையைச் சிறிதாக வையுங்கள், விளிம்பிலிருந்து வழக்கத்தைவிடச் சற்றுத் தள்ளிப் போடுங்கள், இழுவிசை தாங்கவேண்டிய வார்களில் துளைகளை நெருக்கிப் போடாதீர்கள். வெளிர்நிற நூலாக இருந்தால் தைக்குமுன் துளைகளின் கரியைத் துடைத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் முதல் தையலிலேயே நூல் அழுக்காகிவிடும். விளிம்புப் பூச்சும் கரியின் மேல் நிற்காது, உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துவிட்டுப் பூசுங்கள்.

உலோக வெட்டில் இவற்றுக்கு இணையான கவலைகள் வேறு. அடியில் தொங்கி உறைகிற பிசிறு, ஆக்சிஜன் வெட்டில் படிகிற ஆக்சைடுப் படலம், சூடேறிய விளிம்பு கடினமாவது. வெட்டைத் தொடங்குமுன் ஒரு துளை போட வேண்டும், அதுவும் வடிவத்துக்கு வெளியே, கழிவுப் பகுதியில். தோலுக்கு அப்படி எதுவும் தேவையில்லை. தலையின் உயரமும் அப்படித்தான்: உலோகம் மின்சாரம் கடத்தும் என்பதால், நாசிலுக்கும் தகட்டுக்கும் இடையிலான மின்தேக்கத் திறனை அளந்தே ஃபைபர் தலை உயரத்தை நொடிக்கு நொடி சரிசெய்துகொள்ளும். தோலில் அந்த வழி செல்லாது. தோல் சுருண்டு மேடு பள்ளமாக இருந்தால் குவியம் தப்பும், வெட்டு ஓரிடத்தில் விழுந்து ஓரிடத்தில் விழாது. அதனால் காந்தங்களாலோ கீழிருந்து உறிஞ்சும் காற்றாலோ தோலைத் தட்டையாகப் பிடித்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

கண் பாதுகாப்பில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 10.6 மைக்ரான் ஒளி கண்ணின் முன்பரப்பிலேயே விழுங்கப்படும். காயம் படும், ஆனால் விழித்திரைவரை போகாது. ஃபைபரின் 1.07 மைக்ரான் ஒளி, கண்ணாடிக்குள் புகுந்து போவதுபோலக் கண்ணை ஊடுருவி, விழித்திரையில் குவிந்து, வலிகூடத் தெரியாமல் நிரந்தரமாகப் பார்வையைப் பறித்துவிடும். சிஓ2 மெஷினின் மூடியில் இருக்கும் அக்ரிலிக் பலகை அதன் கதிரின் சிதறலைத் தடுத்துவிடும். அதே அக்ரிலிக் ஃபைபர் ஒளியைத் தடுக்காது. ஒரு மெஷினுக்கு வாங்கிய பாதுகாப்புக் கண்ணாடியை இன்னொன்றுக்கு அணியக் கூடாது. அதில் அச்சிட்டிருக்கும் அலைநீளத்தைப் படித்துப் பார்த்து அணியுங்கள்.

உங்கள் பித்தளைக் கொக்கிக்கு என்ன வழி? ஃபைபர் மெஷின் வைத்திருக்கும் பட்டறையில் கோப்பைக் கொடுத்து வெட்டி வாங்குவதுதான். பித்தளை அவர்களுக்கும் எளிதல்ல. 1 மைக்ரானிலும் அது நிறையவே திருப்பி அனுப்பும். கதிர் வந்த வழியே திரும்பிப் போய் லேசர் மூலத்தையே கெடுக்கலாம். இதற்குப் பாதுகாப்பு உள்ள மெஷின்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பித்தளையில் துத்தநாகம் இருப்பதால் புகையும் தொல்லை, அதை மூச்சில் இழுத்தால் சில மணி நேரத்தில் காய்ச்சல் வரலாம். கொக்கி 3 மி.மீ.-க்கு மேல் தடிமனாக, நிறைய எண்ணிக்கையில் வேண்டுமானால் வார்ப்பில் செய்தவற்றை வாங்குவதே மேல்.

பெயர்த்தகட்டுக்கு உங்கள் சிஓ2 மெஷினே ஓரளவு உதவும். வெட்ட முடியாதே தவிர எழுத முடியும். சாயமேற்றிய அனோடைஸ் அலுமினியத் தகடு வாங்கினால், லேசர் அந்தச் சாயத்தை வெளுத்து எழுத்தைத் தெளிவாகக் காட்டும். ஸ்டெயின்லெஸ் என்றால் மாலிப்டினம் கலந்த மார்க்கிங் திரவத்தைப் பூசிக் காயவைத்து எழுதினால், அது உலோகத்தோடு கெட்டியாக ஒட்டிக் கருப்பு எழுத்தாக நிற்கும், மிச்சத்தைக் கழுவிவிடலாம். தகட்டை வெட்டி வாங்கி, எழுத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாத் தோல் வேலைக்கும் லேசர் சிறந்ததல்ல. ஒரே வடிவத்தில் ஆயிரக்கணக்கில் வெட்ட வேண்டுமென்றால் எஃகு டையும் (வடிவத்துக்கேற்ற வெட்டு அச்சு) பிரஸும் லேசரைவிட வேகம், கரியே இல்லாத சுத்தமான விளிம்பு, புகையும் இல்லை. லேசர் மதிப்புப் பெறுவது வடிவம் அடிக்கடி மாறுகிற இடத்தில், மாதிரி செய்து பார்க்கிற இடத்தில், டையில் செய்ய முடியாத நுணுக்கமான துளை வேலைப்பாட்டில், ஒவ்வொரு பொருளிலும் வேறு பெயர் பொறிக்கிற இடத்தில். உங்கள் பெல்ட்டுகள் நேர்வார்கள்தான் என்றால், வார் வெட்டும் கத்தி லேசரைவிடச் சீக்கிரம் முடித்துவிடும். துளைகளுக்கும் அலங்காரத்துக்கும் மட்டும் லேசரைப் பயன்படுத்துங்கள்.

ஆக, 60 வாட்டையே வாங்குங்கள். 100-க்குப் போக நினைத்து ஒதுக்கிய பணத்தை எக்ஸாஸ்ட், வெளியே போகும் குழாய், ஒரு தீயணைப்பான் ஆகியவற்றில் போடுங்கள். மெஷின் ஓடும்போது பக்கத்தில் ஆள் இல்லாமல் விடாதீர்கள். வாங்குமுன் நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் தோல்களிலிருந்து ஒவ்வொரு துண்டு எடுத்துப் போய், உங்கள் வடிவத்தையே, தையல் துளைகளோடு, விற்பவரை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெட்டிய விளிம்பை ஒரு வெள்ளைத் துணியில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். கரி நிறைய ஒட்டினால் வேகத்தைக் கூட்டி இன்னொன்று வெட்டச் சொல்லுங்கள். வேகத்தைக் கூட்டினால் வெட்டு முழுதாக விழவில்லை என்றால் குழாயின் உண்மையான பவரோ, லென்ஸின் குவியமோ, கண்ணாடிகளின் நேர்த்தியோ சரியில்லை. அதை அங்கேயே சரிசெய்து காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு பணம் கொடுங்கள்.